முழங்காலுக்குக் கீழே

அங் மோ கியோ பாலிகிளினிக், இரண்டாம் மாடி.
முகத்தை வைத்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.
அவள் செருப்பைக் கழற்றினாள்.
இடது கணுக்காலில் அந்தப் பிறைத் தழும்பு.
எழுந்துவிட்டேன்.

பாலஸ்டியர் பக்கத்து ஸ்டூடியோவில் நான் லைட் பாய்.
வயது பத்தொன்பது.
ஆடுகிறவளின் காலுக்கு வெளிச்சம் பிடிப்பது வேலை.
முகத்துக்குப் பிடிக்கப் பெரிய ஆட்கள் இருந்தார்கள்.
ஆகையால் நான் சொல்வதெல்லாம்
முழங்காலுக்குக் கீழே நடந்த கதை.

நேவல் பேஸ் குவார்ட்டர்ஸில்
முன்னே பிறந்த இரண்டும் தங்காததால்
குப்பையில் புரட்டி எடுத்து
குப்பம்மா என்று பெயர் வைத்தார்களாம்.
அவளே சொன்னது, சிரித்துக்கொண்டே,
நியூ வோர்ல்டில் டாலருக்கு மூன்று கூப்பன் என்று
கண்டவனோடும் ஆடிய நாட்களைச் சொல்கையில்.
மதராஸ் டைரக்டர் பார்த்தது அங்கேதான்.
மெலாத்தி என்று மாற்றினார்.
மலாயில் அது மல்லிகை.
படமெல்லாம் மலாய்.
திட்டு மட்டும் தமிழ்.

முதல் மூன்று படத்தில்
கதாநாயகிக்குக் கால் இவள், முகம் இன்னொருத்தி.
தியேட்டரே கைதட்டியது.
தட்டியதெல்லாம் நாலடி மேலே
வேறு விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த முகம் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போக,
சரி, காலுக்கு மேலே மீதியும் வரட்டும் என்றார்கள்.

இரண்டு வருஷம்.
நார்த் பிரிட்ஜ் ரோட்டில் மூன்று மாடி உயரத்துக்குப் பேனர்.
அண்ணாந்து பார்த்த டிரைஷாக்காரன்
பயணியோடு சாக்கடையில் இறங்கினான்.
மோரிஸ் மைனர் வாங்கினாள்.
ஓட்டத் தெரியாது, உள்ளே உட்கார்ந்து
வசனம் பாடம் பண்ணுவாள்.

கண்ணாடித் தரைப் பாட்டு, பதினாலாவது டேக்.
ஒரு சில்லு பெயர்ந்தது. அவள் நிறுத்தவில்லை.
ஓகே என்றார் டைரக்டர்.
இப்போது போட்டாலும் பார்க்கலாம்,
தரையில் கறுப்பாக ஒரு கோடு கூடவே வரும்.
நிழல் என்பார்கள்.
நிழலுக்கு நான்தான் பொறுப்பு.
அது நிழல் இல்லை.

ஆறாவது படம் நாலு நாள் ஓடியது.
ஐந்தாம் நாள் அதே துணியில்
வெள்ளையடித்து வேறொருத்தியை வரைந்தார்கள்.
நவம்பர் மழை.
புதியவளின் கழுத்தில்
இவளுடைய கண் ஒன்று மெல்ல வெளியே வந்தது.

அப்புறம் டிவி வந்தது, ஸ்டூடியோவை மூடினார்கள்.
எனக்கு ஒரு ஸ்டாண்டு கிடைத்தது,
இன்னும் அதில்தான் சட்டை காய்கிறது.
அவளுக்குச் சம்பள பாக்கி.

டூரிஸ்டுகளுக்கு அரைமணி நேர ஷோ, தினம் மூன்று தடவை.
முதலில் மலாய்க்காரி, அடுத்து விசிறியோடு சீனத்தி,
கடைசியில் தமிழச்சி.
அந்த ஒரு வேஷத்துக்குத்தான்
மேக்கப் ஒட்டவே மாட்டேங்குது, சவரி, என்றாள்.
அதன்பிறகு முப்பது வருஷம் நான் பார்க்கவில்லை.

கேள்விப்பட்டது ஒன்று உண்டு.
ஒரு டிவி நாடகத்தில் பிணமாகக் கிடந்தாள்.
சாவு மேளம் தொடங்கியதும்
வெள்ளைத் துணிக்கு அடியில்
கட்டைவிரல் தாளம் போட்டதாம்.
ஐந்து டேக். ஆறாவதில் விரலைக் கயிற்றால் கட்டினார்கள்.

தாழ்வாரத்திலேயே நிற்கச் சொன்னான் தெரபிஸ்ட் பையன்.
ஒற்றைக் கால், பத்து விநாடி,
கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம்.
பிடிக்கவில்லை அவள்.
பதினொன்று. பன்னிரண்டு.
இருபதில் எண்ணுவதை விட்டுவிட்டு
ஃபைலில் வயதைச் சரிபார்த்தான்.

நான் சன்னலை மறித்துக்கொண்டு நின்றிருந்தேன்.
அவள் திரும்பிப் பார்க்கவில்லை.
'மறைக்குது. இடது பக்கம் போ.'

போனேன்.
என் நம்பரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.