பழுது காணப்படவில்லை

இரண்டாயிரத்து நானூற்றுப் பதினேழுக்கு
சொந்த வீடு என்று ஒன்றில்லை.
ஏரிக்கரைத் தடத்தின் எந்த முனையில்
இரவு அதைக் கொண்டு விடுகிறதோ
அந்த முனையில் படுத்துக்கொள்ளும்.
மேற்கே எங்கள் மிமிக்கோ. கிழக்கே அவர்களின் விட்பி.
நடுவே டொரன்டோ முழுக்கக் கிடக்கிறது.
ஒருவர் முகம் ஒருவர் பாராமல்
ஒரே பெட்டிகளைத் தொடும் இரண்டு இரவுக் குழுக்கள்.

சக்கரம் கடையும் எந்திரம் எங்களிடம்.
நனைந்த இலைகளில் வழுக்கி
ஒரு பக்கம் தட்டையான சக்கரங்கள்
அக்டோபரில் தடக், தடக் என்று எங்களிடம் நொண்டி வரும்.
கதவுப் பட்டறை அவர்களிடம்.

அவசரம் என்று ஆறு பெட்டி கேட்டார்கள், கொடுத்தோம்.
திரும்பியவை ஐந்து,
அதிலும் ஒன்று நாங்கள் கொடுத்ததல்ல.
"நல்லதை வைத்துக்கொண்டு நொண்டியை அனுப்புகிறான்கள்"
என்றான் ஃபெரெய்ரா, கையுறையைப் பல்லால் கழற்றியபடி.
விட்பியிலும் யாரோ ஒருவர்
இதே வாக்கியத்தை அதே மணிக்குச் சொல்லியிருப்பார்.
அவர்கள் உடைத்தால் பொன்குடம், நாங்கள் உடைத்தால் மண்குடம்.

ஜனவரியில் பதினேழு வந்தது.
இடது பக்கம், பின் கதவு,
பாதி திறந்து யோசித்து நின்றது.
பழுது அட்டையில் எழுதினேன்: கதவு சிக்குகிறது. சௌ.
நான்கு நாள் கழித்து அட்டை வந்தது:
பழுது காணப்படவில்லை. பி. ஓகாம்போ.

மறுபடி சிக்கியது. மறுபடி எழுதினேன்.
நாற்பது முறை திறந்து மூடினேன்.
பழுது காணப்படவில்லை. பி. ஓகாம்போ.

மூன்றாம் முறை
அடிக்கோடு இட்டதில் அட்டை கிழிந்தது.
இந்த ஓகாம்போ ஆணா பெண்ணா தெரியாது,
ஆனால் சோம்பேறி என்று மட்டும்
எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது.

அன்று மைனஸ் இருபத்திரண்டு.
ஃபிளாஸ்க்கில் மிச்சமிருந்த வெந்நீரை
எரிச்சலில் கதவின் காலடியில் ஊற்றினேன்.
திறந்தது.

அப்படியே நின்றேன்.
எங்களுக்குக் கூரை போட்ட தடம் இரண்டுதான்.
மீதிக்கெல்லாம் வானம்.
அவர்களுக்கோ சூடேற்றிய கொட்டகை.
இங்கே உறைந்ததை நான் பார்த்தேன்.
அங்கே உருகியதை ஓகாம்போ பார்த்தது.
நாற்பது முறையும்
கதவு அவருக்கு உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

எழுதினேன், அடிக்கோடு இல்லாமல்:
ஓர் இரவு வெளியே நிறுத்திவிட்டுப் பாருங்கள். சௌ.

ஒன்பது நாள் பட்டியலில் அந்த எண் இல்லை.
பத்தாம் நாள் அட்டையின் பின்பக்கம் வரை எழுத்து:
வெளியே நிறுத்தினேன். மைனஸ் பதினெட்டு.
நானும் கூடவே நின்றேன்.
கதவுப் பள்ளத்தில் தண்ணீர் வடியும் துளை அடைத்திருந்தது.
குழந்தைக் கையுறையின் கட்டைவிரல். நீலம்.
எடுத்துவிட்டேன். பி. ஓ.

மன்னிப்பு என்று இருவரும் எழுதவில்லை.
அட்டையில் அதற்குக் கட்டம் கிடையாது.

மார்ச்சில் ஒரு காலை, வேலை முடிந்து
வீட்டுக்குப் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்த பின்தான்
எண்ணைப் பார்த்தேன்.
தூக்கம் போயிற்று.
டான்ஃபோர்த்தில் திறந்தது, மூடியது.
ஸ்கார்பரோவில் ஒருத்தி காபியோடு ஓடி வந்து
கதவு என்ற ஒன்று இருப்பதாகவே நினையாமல்
உள்ளே புகுந்தாள்.
எக்ளிங்டனில் திறந்தது.
கில்ட்வுட்டிலும் திறந்தது, அழகாக,
நான் இறங்க வேண்டிய இடம் அதுதான்
என்பது மூடிய பிறகு உறைத்தது.

ரூஜ் ஹில்லில் இறங்கி நின்றேன்.
எதிர்த் தடத்து ரயிலுக்கு இருபத்தாறு நிமிடம்.
கிழக்கே போய்க்கொண்டிருந்தது பதினேழு.
மேல்தளத்தில், மூன்றாம் சன்னலருகே,
ஒரு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.
அட்டை கையில் இல்லை.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.