87.35

வியாசர்பாடி மனை. சர்வேயர் தந்த கோணம்
எண்பத்தேழு புள்ளி மூன்று ஐந்து.
ஆர்த்தோவை அணைத்தேன், இல்லாவிட்டால்
செக்குமாடு மாதிரி தொண்ணூறுக்கே இழுக்கும்.

"எண்பத்தெட்டுன்னு போடும்மா,
யாரு பாக்கப்போறா"
டீ கிளாஸை மவுஸ்பேடில் வைக்கிறார்
மனைக்காரர் எதிராஜுலு.

நாற்பதடி போவதற்குள் அந்தச் சொச்சம்
அஞ்சு அங்குலமாகிவிடும்.
அஞ்சு அங்குலம் நகர்ந்தால்
பின்வீட்டு செலினாவின் குளியலறைக் கதவு
பாதியில் சுவரில் இடிக்கும்.

செலினாவை நான் பார்த்ததில்லை.
அளவுத்தாளில் பென்சிலால் ஒரு பெயர்,
லேயர் ஏழில் கால்வட்டமாய் அவள் கதவு,
அவ்வளவுதான்.

டேப் தட்டினேன்.
எட்டு, ஏழு, புள்ளி, மூன்று, ஐந்து.
என்டர்.

"கோணலா தெரியுதே."
"ஆமா சார்,
மனையே அப்படித்தான்."