வினை கடைசியில் வரும்

காரைதீவுச் சந்திக்கு முந்தின வளைவில்
மஞ்சள் பீப்பாக்கள் தெரிகின்றன.
எங்களுக்கு முன்னால் ஒரு பஸ், இரண்டு ஓட்டோ,
வைக்கோல் ஏற்றிய லாண்ட்மாஸ்டர்.

சேட்டுக்குள், இடுப்பின் வலப்பக்கம்,
வியர்வையில் ஒட்டிக் கிடக்கிறது அது.
மடியில் பை. பைக்குள்
திருக்கோவில் வெள்ளாமைக்காரருக்குக் கொடுக்கிற காசு,
கட்டுக்கட்டாய், பெயர் எழுதி.

சட்டப்படிதான் எல்லாம்.
ஆலையில் இரண்டாம் தரம் களவு போன பிறகு
கொழும்புக்கு ஏழு தடவை பஸ் ஏறிக்
கிடைத்த கடதாசி.
அது இருப்பதோ வலப்பக்கப் பின் பொக்கெட்டில்.
அதை எடுக்கப் போகும் கை
இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கேட்டால் சொல்வதா,
கேட்குமுன் சொல்வதா?

கேட்குமுன் சொன்னால்
தன்பாட்டில் போகிற சந்தேகத்தை
நானே கூப்பிட்டுக் கதிரை போட்டது மாதிரி.
சொல்லாமல் விட்டு, அவன் கை தடவிக் கண்டெடுத்தால்
லைசன்ஸ் இருந்தும் ஒளித்தவன் நான்.

முப்பது வருடம் இதே றோட்டில்
"ஒண்டுமில்ல சேர்" என்று பழகிய நாக்கு.
சோற்றுப் பார்சலைப் பிரித்துக் காட்டி ஒண்டுமில்ல.
சைக்கிள் பம்பைக் கழற்றிக் காட்டி ஒண்டுமில்ல.
"இரிக்கி" என்று சொல்ல
அதற்கு ஒருவரும் பழக்கவில்லை.

என் சிங்களம் நெல் விலை மட்டும்தான் பேசும்.
ஆனால் துவக்குக்கு அவனிடமும்
ஏறக்குறைய அதே சொல்.
பேச்சை நான் எதில் துவக்கினாலும்
அவன் காதில் துவக்குத்தான் விழும்.
அதனால் மனசுக்குள் வசனம் கட்டினேன்:
லைசன்ஸ் முன்னால்.
துவக்கு நடுவில்.
இரிக்கி என்பது கடைசியில்.
இரண்டு பாசையிலும் வினை கடைசியில் வருவது
எவ்வளவு பெரிய உதவி.

பஸ் போனது. வைக்கோலைக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள்.
கண்ணாடியை இறக்கினேன்.
இரண்டு கையையும் முன்னால் விரித்து வைத்தேன்,
வகுப்பில் நகம் காட்டுகிற பிள்ளையைப் போல.
சொன்னேன்.

பொடியன். மீசை முளைக்க யோசிக்கிற முகம்.
ஓர் அடி பின்னால் வைத்துச் சாஜனைக் கூப்பிட்டான்,
என் வசனத்திலிருந்து அந்த ஒரு சொல்லை மட்டும்
எடுத்துக்கொண்டு.

சாஜன் கடதாசியைத் தானே உருவி எடுத்தார்.
இலக்கத்தைப் பார்த்தார், பிஸ்டலைப் பார்த்தார்,
படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
"ஹரி முதலாளி" என்றார்.
கிட்டத்தட்ட மரியாதைதான்.
பிறகு மற்றப் பக்கம் சுற்றிப் போய்
தவநேசனை இறங்கச் சொன்னார்.

அடையாள அட்டை.
எந்த ஊர்? விநாயகபுரம்.
முந்தி என்ன வேலை?
கையை உயர்த்து. காலை அகட்டு.
செருப்பையும் கழற்று.
சீற்றுக்குக் கீழே இருந்த அவனுடைய சாப்பாட்டுப் பெட்டி
பொனட்டின் மேல் வெயிலில் திறந்து கிடந்தது:
சோறு, பாரைக் கருவாடு, கடித்து வைத்த பச்சை மிளகாய்.

துவக்கு என்னுடையது என்றேன்.
என்னுடையது.
"தெரியும் முதலாளி, நீங்க இருங்க."

நிந்தவூர் தாண்டியது. ஒலுவில் தாண்டியது.
அட்டாளைச்சேனையில் ஒரு கோழி குறுக்கே ஓட
பிரேக் அடித்தவன்
காலை எடுக்காமலே கேட்டான்:

"பொலிசுக்குச் சொன்னது சரி, முதலாளி.
மூண்டு வருசமா உங்கட வாகனம் ஓட்டுறன்.
எனக்கொரு சொல்லு?"

பதிலுக்கு வசனம் கட்டப் பார்த்தேன்.
எதை முன்னால் வைப்பது, எதை நடுவில்.

அக்கரைப்பற்றில் மறுபடி மஞ்சள் பீப்பா.
நிறுத்தவேயில்லை; போ போ என்று கை காட்டினார்கள்.
அவன்தான் கண்ணாடியை இறக்கி
அட்டையை வெளியே நீட்டிப் பிடித்தபடி,
ஒற்றைக் கையால்,
கடைசிப் பீப்பாவும் கழியும்வரை ஓட்டினான்.