சிவப்பு நட்சத்திரமிட்ட கட்டங்கள்

மழைக்கு ஒதுங்கியதுபோல்
மேசையோரம் கிடக்கிறது நோட்டு.
பர்கூர்ப் பக்கம் கல்குவாரிக் கணக்கு என்றார்
கொடுத்துவிட்டுப் போனவர்.
கிருஷ்ணகிரி மாவட்ட நூலகத்தில், மூன்றாம் கணினியில்,
அதற்கொரு பதிவு போட வேண்டும் நான்.
நட்சத்திரமிட்ட கட்டம் எதுவும் காலியாக இருக்கக் கூடாது.

தலைப்பு.
அட்டையில் இருப்பது எண்ணெய்க் கறை.

ஆசிரியர்: குடும்பப் பெயர், காற்புள்ளி, சொந்தப் பெயர்.
கா. லச்சுமக்கா.
‘கா’ அப்பனா புருஷனா, யாரிடம் கேட்க?
இனிஷியலையே குடும்பமாக்கி ஏற்றினேன்.
இப்போது அகரவரிசையில்
கா என்னும் யாரோ ஒருவனுக்குப் பின்னால் நிற்கிறாள்.

மொழி: ஒன்றை மட்டும் தேர்க.
எழுத்து தமிழ்.
வாய்விட்டுப் படித்தால் ‘ராள்ளு பதி பண்ட்லு’, தெலுங்கு.
ஓரத்தில் வேறு கை ‘ஆயிது’ என்று கன்னடத்தில் முடித்திருக்கிறது.
ஓசூர்ச் சந்தையில் ஒரே மூச்சில்
மூன்றிலும் பேரம் பேசும் என் மாமியாருக்கு
இந்தக் கட்டத்தைக் காட்டக் கூடாது.

ஆண்டு: நான்கு இலக்கம்.
‘சாதாரண வருஷம், மாசி’ என்கிறாள்.
அறுபதுக்கு ஒருமுறை திரும்பும் சாதாரணம்.
ஏழாம் பக்கத்தில் ஒரு ‘நயா பைசா’ அகப்பட,
புதையல் எடுத்தவள்போல் தட்டினேன்
1971.

இடம்: அவளுக்குச் சேலம் ஜில்லா.
அப்போதே அது தர்மபுரி, இப்போது கிருஷ்ணகிரி.
பாறை மட்டும் நகரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.
வண்டி வண்டியாக நகர்ந்ததுதானே
இந்த நோட்டே.

பொருள்: அனுமதித்த பட்டியலிலிருந்து
‘கருங்கல் – வெட்டியெடுத்தல் – கணக்குகள்’.

பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு கல் இல்லை.
பெயர்கள். எதிரே, கூலி நின்ற காரணம்.
ஊருக்குப் போனான். சண்டை. காய்ச்சல்.
வெடி.
வெடி.
கடைசிக்கு முந்திய வரியில்
காளப்பா, வெடி, அரை நாள்,
அறுபத்தைந்து நயா பைசா.
அதன்கீழ் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது.

பொருளில் ‘விபத்து’ சேர்த்து அனுப்பினேன்.
சரிபார்ப்பவர் சென்னையிலிருந்து திருப்பினார்:
கணக்கு நோட்டுக்கு ஒரு பொருள் போதும். நீக்குக.
நீக்கினேன்.

நட்சத்திரம் இல்லாத கட்டம் ஒன்று அடியில் உண்டு,
பொதுக் குறிப்பு.
தேடுபவர் தட்டும் எந்தச் சொல்லும் அங்கே இறங்குவதில்லை.
அதில் எழுதினேன்:
‘கா. என்பது காளப்பாவாக இருக்கலாம்.
அப்பனா புருஷனா, தெரியவில்லை.
மதியம்வரை வேலை செய்திருக்கிறான்.’

பதிவு ஏற்கப்பட்டது என்றது திரை,
பச்சையில்.