ஸ்பிரிங்குக்கு யாரும் சொல்லவில்லை

மூன்றடுக்குக் கேக் ஒன்று
தெஹிவளை ரயில் கடவையில் இரண்டாகப் பிளந்த அன்று
மணமகளின் தாயிடம் சொன்னேன்:
"இப்ப இதுதான் ஸ்டைல், அன்ரி."
அவர் நம்பவில்லை.
காசில் பாதியைப் பிடித்துக்கொண்டார்.

வாகனம் என்னவோ யானைதான்.
ஏலத்தில் எடுத்த பழைய லாண்ட் குரூசர்.
பின் சீற்றுகளை மடித்தால்
ஒரு கலியாண வீட்டுக்கே படுக்க இடமுண்டு.
நடைதான் கோபம் வந்த கழுதை.
காலி வீதியின் சாக்கடை மூடிகளை எல்லாம்
என் முதுகெலும்புக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

நுகேகொடையில் ஒருவர்
நான்கு சொக் அப்சோபரும் மாற்றித் தந்தார்.
சீனியும் பட்டரும் விற்கும் விலையில்
எத்தனை மாத இலாபம் அது.
அடுத்த சனிக்கிழமை
ஐசிங் ரோஜாக்கள் பறந்துபோய்ப்
பின் கண்ணாடியில் பூத்தன.

பஞ்சிகாவத்தை. மழை விட்ட காலை.
கியர்ப் பெட்டிகள் குவிந்த சந்தின் கடைசிக் கராஜ்.
நிஷ்தார் பாஸ் சாவியைக் கேட்கவில்லை.
முன் பம்பரில் இரு கையையும் ஊன்றி
முழு உடம்பால் அமுக்கினார்.
பின்படியில் சமிந்தவை ஏற்றிக் குதிக்கவிட்டார்,
பிறகு தானும் ஏறிக் குதித்தார்.
வாகனம் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

கதவின் உள்தோலை உரித்துக் காட்டினார்.
வரிசையாகத் துளைகள்,
அரைகுறையாகத் தேய்த்த வெல்டிங் தழும்புகள்.
"யாரோ பெரிய ஆள் போன வண்டி, மிஸ்.
குண்டு துளைக்காத தகடு இருந்திருக்கு.
ஆயிரம் கிலோவாவது வரும்.
தகட்டைக் கழட்டிட்டு வித்துட்டாங்க.
ஸ்பிரிங்குக்கு யாரும் சொல்லல."

குனிந்து பார்த்தேன்.
என் மணிக்கட்டை விடத் தடித்த சுருள்,
இறக்கி வைத்துப் பல வருடமான பாரத்துக்கு
இன்னும் விறைத்து நின்றது.
கம்பளத்தின் அடியில்
இருமல் மிட்டாய் சுற்றிய தாள் ஒன்று.
என் பட்டர் கேக் இருக்கும் இடத்தில் இருந்து
அருகே வந்த மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றையும்
யாரோ எண்ணியிருக்கிறார்,
தொண்டை கட்டியபடி.

எதிர்க் கடைக்காரர்
மஞ்சள் நிறத்தில் ஒரு செற் கொண்டுவந்தார்.
வாகனத்தை நாலு விரல் உயர்த்துமாம்.
"அவங்க காட்டுக்குப் போகல, கலியாணத்துக்குப் போறாங்க,"
என்று பாஸ் திருப்பி அனுப்பினார்.
மெல்லிய சுருள்கள், அவற்றுக்குப் பொருந்தும் சொக்,
வெடித்துக் காய்ந்த புஷ்களுக்குப் புதியவை.
டயரில் நாற்பது இருந்த காற்று
முப்பத்திரண்டுக்கு இறங்கியது.
பழைய ஸ்பிரிங்கை விடுவிக்கும்போது
சமிந்த எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னான்.
அது தரையில் விழுந்து
ஒருமுறை உருண்டது. அவ்வளவுதான்.

சோதனைக்குப் பாஸ் வீட்டு வட்டிலப்பம்,
பீங்கான் கோப்பையோடு பின்னால்.
ஆமர் வீதியில் திரும்பியபோது
வாகனம் ஒரு பக்கம் சாய்ந்தது.
"மெதுவாப் போகணும்னா வளைவில கொஞ்சம் சாயும்,
ரெண்டும் ஒண்ணா கிடைக்காது" என்றார்.
கொட்டாஞ்சேனைக் குழிகள், ஜிந்துப்பிட்டிக் குழிகள்,
தண்ணீர்ச் சபை தோண்டி மறந்த குழிகள்.
வட்டிலப்பம் நடுங்கியது, உடையவில்லை.
திரும்பி வந்து
ஆளுக்கொரு கரண்டி எடுத்தோம்.

சனிக்கிழமை. அதே கடவை.
பல்லைக் கடித்தேன், ஸ்டியரிங்கை நெரித்தேன்.
தண்டவாளம் இரண்டும் அடியில்
யாரோ பக்கம் புரட்டியது போலப் போயின.
கேக் நின்றது.
கடற்கரை மண்டப வாசலில் எஞ்சினை நிறுத்தியபோதுதான்
என் தோள்கள் இன்னும்
காதுவரை ஏறி இருப்பதைக் கண்டேன்.

பிறகு, இறக்க வந்த பையன்
மேலடுக்கில் பெருவிரலை அழுத்திவிட்டான்.
அதன் மேல் ஒரு ரோஜாவை வைத்தேன்.
இந்த அன்ரி முழுக்காசும் தந்தார்.