முப்பது நொடி

எந்த இடத்தில் படம் பிடித்தாலும்
கிளம்புமுன் முப்பது நொடி
யாரும் பேசாமல் நிற்க வேண்டும்.
அதைப் பதிவு செய்வது என் வேலை.
ஒவ்வோர் அறைக்கும் தனக்கென்று ஒரு மௌனம் உண்டு,
வெட்டிய இடங்களை ஒட்ட அதுதான் பசை என்று
முதல் பருவத்தில் சொல்லித் தந்தார்கள்.

தெசலோனிக்கியில் எங்கள் பல்கலைக்கழகம்
யூதர்களின் கல்லறைத் தோட்டத்தின் மேல் நிற்கிறது.
இதைச் சொல்ல எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
பெயர்ப் பட்டியலும் அதற்குள் அடக்கம்.

ஸ்ட்ராட்டோஸ், கேமரா.
எவந்தியா, கேள்விகள். பச்சை மையில் எழுதி
பாதியைத் தானே அடித்து வைத்திருந்தாள்.
நான் ஒலி. கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி
எல்லோர் தலைக்கு மேலும் பிடித்தபடி
கை மரத்துப் போகிறவள்.

ஸ்டெல்லா பெராஹா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.
"நான் எதையும் பார்த்தவள் இல்லை,
பார்த்தவருக்குப் பிறந்தவள்" என்றார்.
ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.
துணி உரசுவது பதிவாகிறதே என்று
எவந்தியா என்னைப் பார்த்தாள்.
நான் நிறுத்தச் சொல்லவில்லை.

நாற்பத்திரண்டு டிசம்பரில் கல்லறைகளை உடைத்தார்கள்.
பளிங்கு ஊரெங்கும் போனது,
சுவருக்கு, படிக்கட்டுக்கு, நடைபாதைக்கு.
ரயில்கள் அடுத்த மார்ச்சில்.
"முதலில் இறந்தவர்கள், அப்புறம்தான் உயிரோடிருந்தவர்கள்.
வரிசை மாறிவிட்டது" என்றார்,
ரசீதில் ஒரு பிழையைக் கண்டவர்போல.

அவர் அப்பா திரும்பி வந்தவர். கையில் எண்ணோடு.
மகள் இந்த வளாகத்தில்தான் வேதியியல் படித்தார்.
பட்டமளிப்பு அன்று அப்பா உள்ளே வரவில்லை.
எதிர்ச்சாரியில் நின்றாராம்,
ஜூலை வெயிலிலும் தொப்பியைக் கழற்றாமல்.
"என் அம்மாவை எப்படி மிதிப்பது?"

அந்தக் கடையின் முப்பது நொடியில்
குளிர்சாதனம் இல்லை, வாடிக்கையாளர் இல்லை.
ஒரு துணி மட்டும்
துடைத்துக்கொண்டே இருக்கிறது.

எடிட்டிங் அறையில், ஒரு புதன்கிழமை,
'சோதனை 4' என்று ஒரு கோப்பு கிடந்தது.
திறந்தோம். குவியம் சரியில்லை.
ஒரு வீட்டு முற்றம். துணி துவைக்கும் கல்.
ஒரு கை கல்லுக்கு அடியில் நுழைந்து
எதையோ தடவுகிறது. நிற்கிறது.
மறுபடி வலமிருந்து இடமாகத் தடவுகிறது.
கை ஸ்ட்ராட்டோஸுடையது.
முற்றமும்.

"எப்போதிருந்து தெரியும்?"
"ஏழு வயதில். பந்து அடியில் போய் மாட்டிக்கொண்டது."

சேர்த்தே ஆக வேண்டும் என்றாள் எவந்தியா.
அவன் வீட்டை விட்டுவிடு என்றேன் நான்.
அப்படியானால் யார் வீட்டை எடுப்பது என்றாள்.
இரண்டு நாள் யாரும் யாரோடும் காப்பி குடிக்கவில்லை.
மூன்றாம் நாள் ஸ்ட்ராட்டோஸ் சொன்னான்,
"அதில் ஒலி இல்லை. வந்து எடுத்துக்கொள்."

அவன் அப்பா பேருந்து ஓட்டுநர் சட்டையோடு
கதவருகே நின்றார்.
"வீடு வாங்கும்போதே இருந்தது" என்றார்.
யாரும் கேட்கவில்லை.
அதையே இன்னொரு முறை சொன்னார்,
கொஞ்சம் மெதுவாக.

முப்பது நொடி என்றேன்.
குழாய் கல்லின் மேல் சொட்டியது.
பதினொன்றில் நிறுத்தினேன். மறுபடி.
ஒன்பதில் நிறுத்தினேன்.
அவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு
முற்றத்தில் இறங்கினார்.
கல்லை மிதிக்காமல் சுற்றிப் போய்
சுவரோரம் எட்டி
குழாயை இறுக்கி மூடினார்.
அங்கேயே நின்றார், கை குழாயின் மேல்.

ஹெட்போனில் இப்போது
தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்,
அத்தி இலை ஒன்று,
நான்கு பேர் மூச்சு.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

முப்பது ஆகிவிட்டது என்று
நான் இன்னும் கை தூக்கவில்லை.