தொண்டி பாலத்தில் ஆகஸ்ட் பதினைந்து

நாலு மணிக்கே குழாய் கட்டியாயிற்று.
ஒன்று ஐஸ் கம்பெனி மாடியில்,
ஒன்று பள்ளிவாசல் சந்து முக்கில்,
ஒன்று படகுப் பாலத்தின் கடைசிக் கம்பத்தில்,
உப்பு தின்றதுபோக மிஞ்சிய கம்பம்.
"ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றேன்.
கடல் ஒன்றும் சொல்லவில்லை.
கரையில் ஒரு நாய் மட்டும் எழுந்து
திரும்பிப் படுத்தது.

நம்பு சவுண்ட் சர்வீஸ்.
காதுகுத்து, கந்தூரி, சப்பரம், இழவு
எல்லாவற்றுக்கும் இதே நாலு பெட்டி.
நாட்டுக்கு வருசத்தில் இரண்டு நாள்.
வாடகை பாதி,
மீதி மரியாதை.

ஆறரைக்கு ஊர் வந்துவிட்டது.
செய்யது இபுறாகீம் வீட்டிலிருந்து
இரண்டு அண்டா நன்னாரி சர்பத்.
மாதா கோயில் தெரு நாற்காலிகள்,
முதுகில் 'அன்பளிப்பு' எழுதியவை.
நண்டுக் கம்பெனிப் பெண்கள்
கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகி
நிழல் பார்த்து நின்றார்கள்.
ஏலக்காரர் மரியநாயகம்
விலை எதுவும் சொல்லாமல் நின்றார்;
அந்த வாய் சும்மா இருப்பதைப்
பார்க்கவே பாவமாக இருந்தது.

தலைமையாசிரியை பேசினார்:
இது கப்பல் அடைந்த துறை,
குதிரை இறங்கிய துறை,
சங்கு ஏறிய துறை.
ஒலியைக் கொஞ்சம் குறைத்தேன்.
கப்பல்கள் வந்துகொண்டே இருந்தன.
ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை ஒன்று
மூத்திரத்தை அடக்கிக்கொண்டு
ஒற்றைக்காலில் நின்றது.

அப்புறம்தான்
பேரூராட்சித் தலைவர் கயிற்றைத் தொடாமல்
"இந்த வருசம் பிரகாசி இழுக்கட்டும்" என்றார்.

ஐம்பத்து மூன்று நாளாக
அவள் புருசன் லூர்துராசு
அக்கரைச் சிறையில்.
படகும் அங்கேதான்.
கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
என்னிடம் நீட்டிவிட்டுப் போனாள்.

கொடிக்கயிறு அப்படி இழுபட்டு நான் பார்த்ததில்லை.
நங்கூரம் தூக்குகிற இழுப்பு.
முரசுப் பையன்கள் குச்சியை எடுக்குமுன்
உச்சியில் முடிச்சு அவிழ்ந்து
பூவெல்லாம் அவள் தலையில் கொட்டியது.
நான் பாட்டைத் தட்டியதும் தாமதம்தான்.

பதினெட்டு வருசமாக
இந்தக் கம்பத்தடியில் நின்று
நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று.
ஆகஸ்டில் கச்சான்.
கொடி கடலைப் பார்க்கும்.
ஜனவரியில் வாடை.
கொடி ஊரைப் பார்க்கும்.
யாரிடமும் சொன்னதில்லை.
இதில் சொல்ல என்ன இருக்கிறது?

இன்றைக்குக் காற்று பலம்.
துணி விறைத்து, படபடத்து,
நேர் கிழக்கே நீண்டு நின்றது.
பிரகாசி இறங்கி வந்தாள்.
பாட்டிலை வாங்கக் கை நீட்டியவள்
அதை மறந்து மேலே பார்த்தாள்.
"அவுக படகு அணியத்துலயும்
ஒரு கொடி கட்டியிருந்துச்சு.
அங்க எந்தப் பக்கம் அண்ணே ஆடும்?"

மெதுவாகத்தான் கேட்டாள்.
மைக் உயிரோடிருந்தது.

எந்தப் பக்கம் அண்ணே ஆடும் என்று
ஐஸ் கம்பெனி மாடி கேட்டது.
பள்ளிவாசல் சந்து கேட்டது.
கடைசிக் கம்பத்துக் குழாய்
கடலைப் பார்த்துக் கேட்டது.

சர்பத் ஊற்றிய கை நின்றது.
மரியநாயகம் தொண்டையைச் செருமினார்,
ஒன்றும் வரவில்லை.
நண்டுப் பெண் ஒருத்தி போய்
அவள் தலையிலிருந்த பூவை
ஒவ்வொன்றாக எடுத்தாள்,
செதில் எடுப்பதுபோல.

எனக்குத் தெரியும்.
அங்கேயும் இதே கச்சான்தான்.
அந்தக் கொடியும்
நமக்கு முதுகைக் காட்டித்தான் ஆடும்.
வாடை திரும்பினால் இந்தப் பக்கம் பார்க்கும்.
அதற்கு இன்னும் இரண்டரை மாசம்,
மழை முந்தினால் இரண்டு.
விரல் விட்டு எண்ணினேன்.
சொல்லவில்லை.

எட்டு மணிக்கு ஏலம் தொடங்கிவிட்டது.
நகரை இருநூறு, இருநூற்றுப்பத்து.
மைக்கை அணைக்க மறந்தேன் என்று
தலைவர் திட்டினார்.
மறந்தது என்றே இருக்கட்டும்.

குழாய்களை இறக்கி,
வயரைச் சுருட்டி,
பெட்டியைத் தூக்கப் போனால்
ஆம்ப்ளிஃபயர் மேலே
அந்தத் தண்ணீர் பாட்டில்.
பாதி இருந்தது.